உள்ளே ஆள், தொடாதே

அந்த வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கப்பல், விண்வெளிக் கப்பல். டிவிக்குக் கீழே இருக்கும் கன்சோலைப் போட்டால் கப்பல் வரும், அணைத்தால் டிவி வெறும் கறுப்புக் கண்ணாடி. இதையெல்லாம் ஒரு சொத்து என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கட்டும். இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து, திருகாணி திருகாணியாகக் கட்டிய கப்பல் அது.

வீட்டுக்காரிதான் அதற்குக் கேப்டன். வெளியே அவள் லிஃப்ட் மெக்கானிக். அவள் புருஷன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். கப்பலை ஓட்டுவது அவன் வேலை. மூன்றாவது ஆள் கேப்டனின் அம்மா. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் இணைப்பு கொடுத்து ஓய்வு பெற்றவர். கப்பலின் ரேடியோவும் தோட்டமும் அவர் பொறுப்பு. மருமகனை அவர் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம்.

மாமனார் போன பிறகுதான் மாமியார் இந்த வீட்டுக்கு வந்தார். வந்த புதிதில் வீடு வீடாகவே இல்லை. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு அத்தை." அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். கேப்டன் வேலைக்குப் போய்விட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து, எதிராளி சமையலறையை விட்டு எப்போது போவார் என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சண்டை என்று ஒன்றுமில்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன கேப்டன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கண்ட்ரோலர் ஒன்றை வாங்கி வந்து அம்மா மடியில் போட்டாள்.

முதலில் போட்டுக் காட்டியது செவ்வாய் கிரகத்தில் பூச்சிகளைச் சுடும் விளையாட்டு. "சுட்டுக்கிட்டே இருந்தா எப்போதான் வீட்டுக்குப் போறது?" என்று மாமியார் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். அடுத்தது, ரோபோக்கள் மனிதர்களைப் போல அழுகிற ஒன்று. மாப்பிள்ளைக்கு அது உயிர். மாமியார் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கீல்ல எண்ணெய் போட வேண்டியதுக்கெல்லாம் எதுக்கு ஆறுதல் சொல்றாங்க?" என்றார். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற விளையாட்டு ஒன்று கேப்டனுக்குப் பிடித்தமானது. "அதான் தினமும் நடக்குதே" என்று அதையும் தள்ளிவிட்டார். கடைசியில் மாட்டியதுதான் 'தொலைவாசல்'.

ஓட்டைக் கப்பல் ஒன்றைக் கையில் கொடுத்து, பிழைத்துக்கொள் என்று விண்வெளியில் தள்ளிவிடும் விளையாட்டு அது. ரிப்பேர் பார்க்கலாம், செடி வளர்க்கலாம், பக்கத்துக் கப்பல்காரர்களோடு ரேடியோவில் வம்பு வளர்க்கலாம். மாமியார் அன்று சாயங்காலம் சோபாவை விட்டு எழவே இல்லை. மூன்றாவது வாரம் ஒரு விண்கல் நேரே வந்தபோது, "இடது பக்கம் திருப்புங்க மாப்பிள்ளை, கண்ணு எங்க இருக்கு?" என்று கத்தினார். கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கோ உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அவன் அம்மா போன பிறகு அவனை யாரும் அவ்வளவு உரிமையாகத் திட்டியதில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் டீ குடிக்கும்போதே காற்று வடிகட்டியை மாற்ற வேண்டும், தோட்டத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு பேரும் ஆரம்பித்துவிடுவார்கள். கேப்டன்தான் இப்போது காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் கப்பலுக்குத்தான் கெடு வந்தது. விளையாட்டை நடத்துகிறவர்கள் பழைய அண்டத்தை மூடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பெரிய வாசல் திறக்கும், நான்கு மணிக்கு மூடும். அதற்குள் தாண்டிய கப்பல்கள் புது அண்டத்துக்குப் போகும். தாண்டாதவை ஆள், செடி, கொடி எல்லாவற்றோடும் அழிந்துவிடும். கப்பல் போனால் வீட்டுப் பேச்சும் அதோடு போய், பழையபடி 'சாப்பிட்டீங்களா', 'ஆச்சு' என்று ஆகிவிடுமோ என்பதுதான் மாப்பிள்ளையின் பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கேப்டனின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் வேலையில் இறங்கும் முன் அவள் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டு, ஓர் அட்டையைத் தொங்கவிடுவாள். 'உள்ளே ஆள், தொடாதே' என்று அதில் எழுதியிருக்கும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் சாவி கைமாறாது. கூட ஒருவர் வந்தால் அவரும் அதே சுவிட்சில் தன் பூட்டைப் போட வேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் இயந்திரம் அசையும்.

பல வருஷம் முன்பு அவளிடம் அப்படிப் பூட்டு ஏதும் இல்லை. யாரோ ஓர் அவசரக்குடுக்கை வந்து சுவிட்சைப் போட்டுவிட, அவள் உள்ளே நிற்கும்போதே லிஃப்ட் ஒரு முழம் நகர்ந்தது. அன்று வீட்டுக்கு வந்தவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கடை திறந்ததும் போய் அந்தச் சிவப்புப் பூட்டை வாங்கினாள். அன்றிலிருந்து மாப்பிள்ளை லிஃப்டில் ஏறுவதில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் புருஷன் படியேறிப் போகிறான் என்று ஊரே கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டான். கேப்டனுக்கு மட்டும் அதில் கொஞ்சம் வருத்தம்.

விளையாட்டிலும் எஞ்சின் அறைக்கு வெளியே ஒரு மெயின் சுவிட்ச் உண்டு. அதில் நான்கு இலக்க எண் பூட்டும் அட்டையும் மாட்ட இடம் உண்டு. உலகத்தில் யாரும் அதைச் சீண்டியதில்லை. கேப்டன் மட்டும் ஒவ்வொரு தடவையும் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். "டிவிக்குள்ள வந்து யாருடி கரண்ட் போடப் போறா?" என்று மாமியார் கேலி செய்வார். கேப்டன் காதில் வாங்க மாட்டாள்.

ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை அரை நாள் வேலை முடித்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. சோபாவில் கேப்டனைக் காணோம். மாமியார் அப்போதுதான் தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். குளிர்பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'லிஃப்டில் ஆள் மாட்டிக்கிச்சு. ரெண்டு தெரு தள்ளி, பதினோரு மாடிக் கட்டடம். மூணுக்குள்ள வந்துடுவேன்.'

கன்சோல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கண்ட்ரோலரை எடுத்தார்கள். மூன்றாவதைக் காணோம், மெத்தைக்கு அடியில் எங்காவது போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் பொத்தானைத் தொடாவிட்டால் திரையில் அந்த ஆளுக்கு ஒதுக்கிய பங்கு மறைந்துவிடும், ஆள் மட்டும் கப்பலில் நின்ற இடத்திலேயே தூங்கும். கேப்டனின் பங்கு மறைந்து போயிருந்தது. மாப்பிள்ளை எஞ்சினை முடுக்கினான். ஒரு முனகல்கூட இல்லை.

எஞ்சின் அறை வாசலுக்குப் போய்ப் பார்த்தால், அணைத்த சுவிட்சில் சிவப்புப் பூட்டு, பக்கத்தில் அட்டை.

"நேத்துப் போட்டுட்டு மறந்திருப்பா" என்றார் மாமியார். "நம்பர் என்ன மாப்பிள்ளை?"

"எனக்கு எப்படித் தெரியும் அத்தை? அவ சொல்லவே மாட்டாளே."

"கப்பல்ல என்கிட்ட வெட்டுக்கருவி இருக்கு. அஞ்சு நிமிஷத்துல வெட்டிடலாம்."

மாப்பிள்ளையின் விரல் அப்படியே நின்றுவிட்டது. "வேணாம் அத்தை. அவ மறக்கற ஆளா? மறந்து நான் பார்த்ததே இல்லை. எதுக்காகவோ போட்டிருக்கா."

"விளையாட்டுதானே மாப்பிள்ளை? இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. என் தக்காளிச் செடியெல்லாம் போயிடும்."

விளையாட்டுதான். ஆனால் அந்த அட்டையில் இருந்த எழுத்து அவள் சொந்தமாகத் தட்டிய எழுத்து. அதைப் பார்த்தபோது அவனுக்கு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. கை வரவில்லை. ஏழு தடவை கேப்டனுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை.

"நேர்லயே போய்க் கேட்டுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் தொடாதீங்க" என்று செருப்பை மாட்டினான்.

"மூணு ஐம்பது வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வெட்டிடுவேன், சொல்லிட்டேன்!" என்று மாமியார் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

பதினோரு மாடிக் கட்டடத்தில் இருந்தது ஒரே ஒரு லிஃப்ட். அதுதான் மாட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. படி அவனுக்குப் பழகிய பாதை. ஆனாலும் ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஏழாவது மாடியில் மூடிய லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. சோபா தூக்கி வந்த சுமைக்காரர்கள். சோபாவின் கால் லிஃப்ட் கதவில் குத்தி, கதவு வளைந்து சிக்கி, லிஃப்ட் வண்டி ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டதாம். இருவரும் அந்தச் சோபாவிலேயே கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். அவசரமெல்லாம் வெளியே இருந்தவர்களுக்குத்தான்.

மொட்டை மாடிக்குப் பக்கத்து இயந்திர அறைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மூன்று இருபத்தைந்து. சுவரில் மெயின் சுவிட்ச், அதில் நிஜமான சிவப்புப் பூட்டு, நிஜமான அட்டை. கீழே கேப்டனின் கருவிப் பை. பையில் அவள் போன், அதில் அவன் அடித்த ஏழு அழைப்புகள். கம்பிகள் இறங்கும் ஓட்டை வழியே குனிந்து கூப்பிட்டான்.

"யாரு? நீங்களா?" என்று கீழிருந்து குரல் வந்தது. "இப்பப் பேசாதீங்க. நான் வண்டி மேல நிக்கறேன், கையில நட்டு இருக்கு."

அவன் வாயை மூடிக்கொண்டான். ஒரு நிமிஷம் போயிருக்காது, கட்டடப் பொறுப்பாளர் இரும்பு அறுக்கும் வாளோடு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"நகருங்க சார். சோபாக்காரங்க என் உயிரை எடுக்கறாங்க. பூட்டை அறுத்துக் கரண்ட் கொடுத்தா அது தானா இறங்கிடும்."

மாப்பிள்ளை சாதுவான ஆள். கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் எட்டு தடவை பிரேமை மாற்றினாலும் முகம் சுளிக்காதவன். அவன் சுவிட்சுக்கு முன்னால் போய், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அட்டையைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். அதுக்காக எவ்வளவு நேரம்..."

"உள்ளே இருக்கறது என் பொண்டாட்டி. என்னை அறுத்துட்டு அப்புறம் பூட்டை அறுங்க."

பொறுப்பாளர் வாளைக் கீழே இறக்கினார். அறுக்கிற உத்தேசம் அவருக்கும் அவ்வளவாக இருந்திருக்காது. யாராவது தடுத்தால் நல்லது என்று வந்த மாதிரிதான் இருந்தது முகம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை மணி பார்த்தான். மூன்று முப்பத்தைந்து. மூன்று நாற்பது. கப்பல் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தான், தேறவில்லை. ஆனால் சுவிட்சை விட்டு ஓரடி நகரவில்லை.

மூன்று நாற்பத்திரண்டுக்குக் கேப்டன் மேலே வந்தாள். முகமெல்லாம் கிரீஸ். பூட்டைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, வண்டி எட்டாவது மாடிக்கு ஒழுங்காக ஏறி நிற்பதையும், சோபாவோடு இறங்கிவிட்டோம் என்று ஆட்கள் கீழிருந்து கத்துவதையும் கவனித்துவிட்டுத்தான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சொல்லுங்க. என்ன?"

"எஞ்சின் பூட்டு. நம்பர் வேணும். மணி மூணே முக்கால் ஆகப் போகுது."

அவள் கை துடைக்கத் துணி எடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டாள். ஸ்பேனர் வந்தது, டார்ச் வந்தது, மூன்றாவது கண்ட்ரோலரும் வந்தது. கையில் இருப்பதையெல்லாம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடுவது அவள் தொழில் புத்தி. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"ஐயோ" என்றாள் கேப்டன். "நான் உள்ளே இருக்கேங்க! எஞ்சின் அறைக்குள்ள. குளிர்க்குழாய் ஒழுகுச்சுன்னு பார்க்கப் போனேன், குழாயை மாட்டி முடிச்ச நிமிஷம் போன் வந்துச்சு, ஓடி வந்துட்டேன். யாராவது எஞ்சினைப் போட்டா நான் சாம்பல்."

அந்த விளையாட்டில் செத்தால் செத்ததுதான். மாப்பிள்ளைக்கு மாமியாரின் கெடு ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போன் அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் இணைப்பு கொடுத்த அம்மாள், காதில் ஹெட்போன் மாட்டிவிட்டால் சொந்தப் போனை எடுக்க மாட்டார்.

"படியில போனா நேரம் ஆயிடும்" என்றாள் கேப்டன். பதினோராவது மாடிக்கு இறங்கி அவள் பொத்தானை அழுத்த, லிஃப்ட் மேலே வந்து திறந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டு அவனைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

இத்தனை வருஷமாக ஏறாதவன் ஏறினான். கதவு மூடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்தான், கிரீஸ் வழுக்கியது. "நான் பார்த்த வண்டிங்க இது" என்றாள் கேப்டன். "தெரியும், அதான் ஏறினேன்" என்றான் மாப்பிள்ளை, கண்ணைத் திறக்காமல். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் நிறைந்துபோனது.

கீழே இறங்கி இரண்டு தெருவையும் ஓட்டமாக ஓடினார்கள். எதிரே வந்தவர்கள் எல்லாம், கையில் கண்ட்ரோலரோடு ஓடும் கிரீஸ் பூசிய பெண்ணுக்கும் அவள் பின்னால் இரைக்க இரைக்க ஓடும் ஆளுக்கும் வழி விட்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி மூன்று ஐம்பத்தைந்து.

மாமியார் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய ஆள் எஞ்சின் அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. வெட்டுக்கருவி தரையில் கிடந்தது. சுவிட்சில் கேப்டனின் சிவப்புப் பூட்டு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் பச்சை நிறத்தில் இன்னொரு பூட்டு தொங்கியது.

"அத்தை, வெட்டலையா?" மாப்பிள்ளைக்கு உயிர் திரும்பி வந்தது.

"வெட்டத்தான் போனேன்" என்றார் மாமியார், ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே. "கருவியைத் தூக்கிட்டேன். என்னமோ தோணுச்சு, கதவுக் கண்ணாடி வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தேன். இவ உள்ளே நின்னுக்கிட்டே தூங்கறா. கருவியைக் கீழே போட்டுட்டேன். செடி போகுதேன்னு என் புத்தி மறுபடி மாறினா? என் கையை நானே நம்ப மாட்டேன். அதான் என் பூட்டையும் போட்டுட்டேன். கூட நிக்கறவங்களும் போடணும்னு இவதானே சொல்லியிருக்கா?"

கேப்டன் பச்சைப் பூட்டோடு தொங்கிய அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு வரி இருந்தது.

'உள்ளே என் பொண்ணு இருக்கா. தொட்டால் கை இருக்காது.
நம்பர் 4417.'

"மொதல்ல நீ வெளியே வா" என்றார் மாமியார். "நேரம் ஆகுது."

கேப்டன் தரையில் உட்கார்ந்து கண்ட்ரோலரை உயிர்ப்பித்தாள். திரையில் அவள் பங்கு வெளிச்சமானது. எஞ்சின் அறைக் கதவைத் திறந்து அவள் ஆள் வெளியே வந்தது. சிவப்புப் பூட்டைத் தன் கையால் கழற்றினாள். மாமியார் அட்டையைப் பார்த்துப் பார்த்து நான்கு எண்ணையும் தட்டிப் பச்சைப் பூட்டைக் கழற்றினார். மாப்பிள்ளை முடுக்கினான். எஞ்சின் உறுமியது, சோபாவே அதிர்ந்த மாதிரி இருந்தது. தூரத்தில் பெரிய வாசல் ஒளி வளையமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

கேப்டன் புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கிரீஸ் இன்னும் பரவியது. "ஏம்மா, பூட்டைப் போட்டுட்டுப் பக்கத்துலயே நம்பரையும் எழுதி வச்சா அதுக்குப் பேரு பூட்டா?"

"எழுதாட்டி எனக்கு ஞாபகம் இருக்குமா?" என்றார் மாமியார். "அதுவும் இல்லாம, திறக்கணும்னு வர்றவன் முதல் வரியைப் படிச்சுட்டுத்தானே ரெண்டாவது வரிக்கு வருவான்? அதைப் படிச்சுட்டும் திறக்கறவன் மனுஷனா?"

லிஃப்ட் மெக்கானிக் அம்மாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மாமியாரின் புடவையெல்லாம் கிரீஸ் ஆனது. மாப்பிள்ளையும் அவர்கள் இருவரையும் பார்த்தபடி ஒரு கணம் திரையை மறந்துவிட்டான்.

"இடது பக்கம் திருப்புங்க மாப்பிள்ளை!" என்று மாமியார் கத்தினார். "கண்ணு எங்க இருக்கு?"

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே திருப்பினான். இந்தத் தடவை மாமியார் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. மூன்று ஐம்பத்தொன்பதுக்குக் கப்பல் வாசலைத் தாண்டியது.